ஆறரை அடி மனிதருக்கு அரை யூனிட் மின்சாரம்: தெரியுமா?

உலகத்திலேயே உயரமான ஆண்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், தெரியுமா? நெதர்லாந்தில்! ஆள் எண்ணிக்கையைவிட சைக்கிள் எண்ணிக்கை அதிகமாக இருக்கும் நாடு எது? அதுவும் நெதர்லாந்துதான்! மக்கள் சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம். சைக்கிள்களோ இரண்டு கோடியே முப்பது லட்சம் இருக்கும் என்கிறார்கள். இன்னும் கேளுங்கள். 2020இல் அங்கே விற்ற புதுச் சைக்கிள்களில் ஏறத்தாழப் பாதி, பேட்டரி வைத்த மின்சாரச் சைக்கிள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது பாதியையும் தாண்டிவிட்டது! ஆக, நெட்டையான ஒருவர் அவசரமில்லாமல் ஊர் சுற்றிவர எந்த மின்சாரச் சைக்கிளை வாங்கலாம் என்று கேட்டால், பதில் தேடிப் போக வேண்டிய இடம் அந்த நாடுதான்.

அவர்கள் எப்போதும் நெட்டையர்களாக இருந்ததில்லை என்பது பெரிய வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது அளந்த கணக்குப்படி, ஐரோப்பாவின் குள்ளமானவர்கள் வரிசையில் நின்றவர்கள் டச்சு இளைஞர்கள். சராசரி உயரம் 165 செ.மீ. அளவில்தான் இருந்தது. பாலும் பாலாடைக்கட்டியும்தான் வளர்த்தது என்பார் ஒருவர். நல்ல தண்ணீர், நல்ல மருத்துவம் என்பார் இன்னொருவர். எப்படியோ, 150 ஆண்டுகளில் கிட்டத்தட்ட ஒரு சாண் வளர்ந்துவிட்டார்கள்! புது வீட்டின் வாசல் உயரம் 2.1 மீட்டர் போதும் என்றிருந்த கட்டட விதியை 2003இல் 2.3 மீட்டராகவே உயர்த்திவிட்டார்கள். இப்போது காற்று திரும்புகிறது. 1980இல் பிறந்த டச்சு ஆண்களின் சராசரி உயரம் 183.9 செ.மீ.; 2001இல் பிறந்தவர்களுக்கு 182.9. ஒரு சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டது!

நமக்கு ஓர் ஆள் வேண்டும். ஆறரை அடி, அதாவது 198 செ.மீ. உயரம். எடை நூறு கிலோ. பந்தயம் ஓட்டப் போவதில்லை. கால்வாய்க் கரையோரமாக முப்பது, நாற்பது கிலோமீட்டர் போய், வழியில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புகிற ரகம். இவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி என்ன? ‘மோட்டார் எத்தனை வாட்?’ அங்கேதான் தப்பு! அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லவே வேண்டாம், சட்டமே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண மின்சாரச் சைக்கிளின் மோட்டார் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது. பெடலை மிதித்தால்தான் அது வேலை செய்ய வேண்டும். வேகம் மணிக்கு 25 கி.மீ. ஆனதும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விலை எதுவானாலும் இந்த மூன்று விதியும் ஒன்றே. நம் நாட்டிலும் பதிவெண், லைசென்ஸ் எதுவும் கேட்காத பேட்டரி வண்டிகளுக்கு அதே 250 வாட், அதே 25 கி.மீ.தான் எல்லை, தெரியுமா? அமெரிக்காவில்தான் தாராளம், அங்கே 750 வாட் வரை விட்டிருக்கிறார்கள்.

250 வாட் என்றால் கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். மூச்சு வாங்காமல் சாவகாசமாக மிதிக்கும் ஒரு மனிதர் தருவது 75 முதல் 100 வாட் வரைதான். இன்னும் இரண்டரைப் பேர் உங்களோடு சேர்ந்து மிதிக்கிறார்கள், ஆனால் அவர்களைச் சுமக்க வேண்டியதில்லை! இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், கேன்டன் ஊரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கர நடுவில் மோட்டார் வைத்த மின்சாரச் சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் கணக்குப்படி 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கலாம். பெருக்கிப் பாருங்கள்: ஆயிரம் வாட்! இன்றைய ஐரோப்பியச் சட்டம் அனுமதிப்பதைப் போல நான்கு மடங்கு. அது எந்த ஆண்டு? 1895, டிசம்பர் 31! நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம்கூட, பல்பும் ரேடியோவும் விற்றுக்கொண்டிருந்த 1930களிலேயே, சைக்கிள் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து மின்சாரச் சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஈயப் பேட்டரியின் எடையில் அந்த முயற்சி அமிழ்ந்துபோனது.

ஆக, மோட்டார் கேள்வி தள்ளுபடி. நம் நெட்டையர் முதலில் அளக்க வேண்டியது தன் கால்களை!

வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தள்ள வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எத்தனை செ.மீ.? அதுதான் உள்கால் அளவு. நம் ஆளுக்கு 95 என்று வைத்துக்கொள்வோம். அதை 0.883ஆல் பெருக்குங்கள். 83.9 வருகிறதா? பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அவ்வளவு இருக்க வேண்டும். இந்த 0.883 எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரின் கணக்கு இது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் இதைப் பிரபலமாக்கினார். அவர்தான் 1989இல், மூன்று வாரம் ஓட்டிய பிறகு, வெறும் எட்டு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தவர்! சாவகாசமாக ஓட்டுகிறவர் சிக்னலில் நிற்கும்போது கால் ஊன்ற வேண்டும் என்பதால், இதில் இரண்டு செ.மீ. குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

‘சீட்டை ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும் சார்’ என்பார்கள். ஆகாது! ஏன் தெரியுமா? சீட் கம்பி நேர்க்குத்தாக நிற்பதில்லை. பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. டச்சு ஊர்ச் சைக்கிள்களில் அந்தச் சாய்வு 68 டிகிரி அளவில் இருக்கும். நடுத்தர உயரக்காரருக்குச் செய்த வண்டியில் நம் ஆள் சீட்டை 14 செ.மீ. ஏற்றினால், சீட்டு மேலே போவதோடு நிற்காமல் 5 செ.மீ. பின்னாலும் போய்விடுகிறது. நூறு கிலோ மனிதர் கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் தலையில் உட்கார்ந்துவிடுகிறார். அதே வண்டியில் மோட்டாரும் பின்சக்கரத்திலேயே இருந்து, பேட்டரியும் கேரியரிலேயே இருந்தால்? பாலத்தில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் கைக்கு அடங்காது. கம்பியில் ‘இதற்கு மேல் இழுக்காதே’ என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிந்தால், நீண்ட கம்பி கடப்பாரை மாதிரி ஃபிரேமை நெம்பிக்கொண்டே இருக்கும், ஒருநாள் விரிசல் விடும்.

அதனால்தான் டச்சுக் கடையில் ஃபிரேம் அளவு என்று தனியாக ஒரு சங்கதி இருக்கிறது. உள்கால் அளவை 0.66ஆல் பெருக்கு என்பது ஊர்ச் சைக்கிளுக்கான பொதுக்கணக்கு. நம் ஆளுக்கு 62.7 வருகிறது. 57, 61, 65 என்று வரிசை போட்டிருக்கும் கடையில் 61க்கும் 65க்கும் நடுவில் நிற்கிறார். என் ஓட்டு 65க்கு! காரணம், உயரத்தை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். நீளத்தைச் சரிக்கட்டுவதுதான் பெரும்பாடு. ஊர்ச் சைக்கிளின் ஹேண்டில் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வருவது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடைவெளி போதாவிட்டால், திருப்பத்தில் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். கடை வாசலில் ஒரு ரவுண்டு போகும்போது எல்லாரும் நேராகப் போய் நேராகத் திரும்பி வருகிறார்கள். அது உதவாது. மெதுவாக எட்டு போட்டுப் பாருங்கள், முழங்கால் உடனே சொல்லிவிடும்!

நீங்கள் கேட்கக்கூடும்: பார் வைத்த வண்டியா, பார் இல்லாத வண்டியா? நம் ஊரில் பார் இல்லாதது லேடீஸ் சைக்கிள். நெதர்லாந்தில் மின்சாரச் சைக்கிள் வந்த பிறகு அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது. தாத்தாக்களும் காலைத் தாழ்வாக நுழைத்து ஏறுகிறார்கள். 25 கிலோ வண்டியைச் சாய்த்துக் காலைத் தூக்கிப் போடுவது லேசான காரியமில்லை, கேரியரில் பை கட்டியிருந்தால் இன்னும் கஷ்டம். ஆனால் நெட்டையருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பார் இல்லாத ஃபிரேம் பெரிதாக ஆக ஆக முறுக்கிக்கொள்ளும். பின்னால் பாரம் ஏற்றிக்கொண்டு வேகமாகப் போனால் வண்டி முழுவதும் நெளிகிற மாதிரி இருக்கும். கேரியர் பேட்டரி உள்ள வண்டியில் இது அதிகம். கீழ்க்குழாயிலோ பெடலுக்குப் பக்கத்திலோ பேட்டரி வைத்த வண்டியில் குறைவு. காலைத் தூக்க முடிகிறவரை பார் வைத்ததையே எடுக்கலாம் என்பது என் கட்சி.

இங்கே நம்ம ஊர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம்! டச்சுக்காரர்களின் பழைய கறுப்புச் சைக்கிளுக்கும், பால்காரரும் தபால்காரரும் நம் தெருவில் ஓட்டிய பெரிய சைக்கிளுக்கும் சக்கரம் ஒன்றே, தெரியுமா? 28 அங்குலத்துக்கு ஒன்றரை. ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. இரண்டுமே ஆங்கிலேயரின் பழைய ரோட்ஸ்டர் குடும்பத்து வாரிசுகள். சீட்டு எட்டாமல் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட நம் பையன்களும், முழங்கால் இடிக்கிறது என்று புலம்பும் ரோட்டர்டாம் நெட்டையரும் எதிரெதிர் முனையிலிருந்து ஒரே வண்டியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு சக்கர மர்மம். இன்றைய மின்சாரச் சைக்கிளில் ‘28 அங்குலம்’ என்று எழுதியிருக்கும். மலைச் சைக்கிளில் ‘29 அங்குலம்’ என்று இருக்கும். பந்தயச் சைக்கிளில் ‘700சி’. எது பெரிது? மூன்றும் ஒன்று! மூன்றுக்கும் ரிம் அளவு 622 மி.மீ.தான். டயர் எவ்வளவு தடிமன் என்பதில்தான் வித்தியாசம். ‘நீங்க உயரமா இருக்கீங்க, 29 எடுத்துக்குங்க’ என்று யாராவது சொன்னால் புன்னகையோடு நகருங்கள். உண்மையிலேயே பெரிய சக்கரம் வேண்டுமென்றால் அதுவும் உண்டு: 36 அங்குலம்! கலிஃபோர்னியாவின் டர்ட்டி சிக்ஸர் நிறுவனம் ராட்சச உயரக்காரர்களுக்கென்றே அந்தச் சக்கரத்தில் சைக்கிள் செய்கிறது. கூடைப்பந்து விளையாட்டின் பெரும்புள்ளி ஷகீல் ஓ’நீல், ஏழடியைத் தாண்டியவர், அவர்களின் வாடிக்கையாளர். நம் ஆறரை அடிக்காரருக்கு அவ்வளவு வேண்டாம். தடிமனான 28 அங்குல டயர் போதும். அதில் காற்றைக் கொஞ்சம் இளக்கமாக வைத்தால், மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் செய்யும் வேலையை அதுவே இன்னும் நன்றாகச் செய்துவிடும்.

பெடல் தாங்கும் கிராங்க் கம்பி எவ்வளவு நீளம் தெரியுமா? கடையில் நிற்கும் ஐந்தடிக்காரர் வண்டியிலும் ஆறரை அடிக்காரர் வண்டியிலும் அநேகமாக ஒரே 170 மி.மீ.! கொலராடோவில் நெட்டையர்களுக்கென்றே ஃபிரேம் கட்டும் லெனார்ட் ஜின் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவரும் ஆறரை அடிக்காரர். உள்கால் அளவில் 21 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் நம் ஆளுக்கு 200 மி.மீ. வேண்டும். ஆனால் அமெரிக்க உடலியக்க ஆய்வாளர் ஜிம் மார்ட்டின் 2001இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? 120 மி.மீ. முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களில் மிதிக்கவைத்துப் பார்த்தார். வீரர்களின் உச்சத் திறனில் நான்கு சதவீதம் அளவுக்குத்தான் வித்தியாசம் வந்தது! மோட்டார் வேறு துணைக்கு இருக்கும் சைக்கிளில் இதற்காக அலைவது வீண். மேலும், சாதாரண ஃபிரேமில் நீளமான கிராங்க் போட்டால் திருப்பத்தில் பெடல் தரையில் உரசும்.

இப்போது வருவதுதான் யாரும் படிக்காத, எல்லாரும் படிக்க வேண்டிய வரி. ஃபிரேமில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் ‘அனுமதிக்கப்பட்ட மொத்த எடை’ என்று ஒரு எண் இருக்கும். 140 கிலோ என்று போட்டிருந்தால், 140 கிலோ ஆள் ஏறலாம் என்று அர்த்தமா? இல்லவே இல்லை! அதில் சைக்கிளின் எடையும் சேர்த்தி. வண்டி 27 கிலோ, பேட்டரி சார்ஜரும் மழைக்கோட்டும் போட்ட பை 8 கிலோ என்றால், மிச்சம் 105. நம் நூறு கிலோ ஆள் உடுப்பும் ஷூவும் போட்டு ஏறினால் கழுத்து வரை நிரம்பிவிட்டது. உயரம் கூடக் கூட எடையும் கூடும், அதுவும் நேர்க்கணக்கில் அல்ல. பெல்ஜியத்துக் கணிதர் கெட்லே 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துச் சொன்னார்: வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தையொட்டிக் கூடுகிறது. அதாவது பத்து சதவீதம் உயரமானவர் இருபத்தொரு சதவீதம் கனமானவர்! இன்று டாக்டர்கள் பார்க்கும் பிஎம்ஐ கணக்கு அவரிடமிருந்து பிறந்ததுதான். ஒரே மாதிரி வண்டியில் ஃபிரேமை மட்டும் பெரிதாக்கி, சக்கரத்தையும் எடை வரம்பையும் அப்படியே விட்டிருக்கும் கம்பெனி நெட்டையர்களைப் பற்றிப் பாதிதான் யோசித்திருக்கிறது. 150, 160 கிலோ தாங்கும் வண்டிகளும் இருக்கின்றன, கேட்டால்தான் காட்டுவார்கள்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பது, எத்தனை வாட் என்பதைவிட முக்கியம். சக்கர நடுவில் வைத்த மோட்டார் சத்தமில்லாதது, விலை குறைவு. தட்டையான நாட்டுக்குப் போதும். பெடல் அச்சில் வைத்த நடு மோட்டார், செயின் வழியாகக் கியரையும் பயன்படுத்திக்கொள்ளும், மேட்டில் திணறாது. எல்லாமே 250 வாட் என்றாலும் முறுக்குவிசை ஒன்றல்ல. சாதுவான நடு மோட்டாரில் 40 நியூட்டன் மீட்டர் இருக்கும், முரட்டு மலை மோட்டாரில் 85. நூறு கிலோக்காரர் பாலம் ஏற 50, 60 இருந்தால் நிம்மதி. அதைவிட முக்கியமானது உணரி, அதாவது சென்சார். மலிவான வண்டிகள் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும்; காலை அசைத்ததும் விருட்டென்று பாயும். நல்ல வண்டி, நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளந்து அதற்கேற்ற அளவு தள்ளும். இந்த அழுத்தம் அளக்கும் உத்தியோடு உலகத்தில் முதலில் கடைக்கு வந்த சைக்கிள் எது தெரியுமா? மோட்டார் சைக்கிளும் பியானோவும் விற்கும் பெயரில் வந்தது: ஜப்பானின் யமஹா, 1993!

மலையே இல்லாத நாட்டில் மோட்டார் எதற்கு என்று தோன்றுகிறதா? ஐரோப்பிய நெதர்லாந்தின் மிக உயரமான இடமே 322 மீட்டர்தான். டச்சுக்காரர்களின் மலை, எதிர்க்காற்று! நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 25 கி.மீ. போகும் நெட்டையர், காற்றே இல்லாத நாளில்கூடக் காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் 130 வாட் அளவில் செலவழிக்கிறார். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கட்டும். அதே வேகத்தில் போக 330 வாட் வேண்டும்! சட்டம் கொடுத்த மோட்டார் முழுவதும் போய்விட்டது, உங்கள் காலும் போதாது. குள்ளமானவர் இதில் தப்பித்துக்கொள்வார், நெட்டையருக்கு மார்பே பாய்மரம். வேகத்தை 20க்குக் குறைத்தால்? அமைதியான நாளில் அந்த 130 வாட் பாதியாகிவிடும். சும்மா சுற்ற வந்தவருக்கு எங்கே அவசரம்?

ஆனால் அந்த எதிர்க்காற்றைத் தேடிப் போய் அடிவாங்குகிறவர்களும் உண்டு! 2013 முதல் நெதர்லாந்தில் ஒரு தேசியப் போட்டி நடக்கிறது: எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டும் சாம்பியன் பட்டம். கடலைத் தடுக்கக் கட்டிய ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணைமேல் 8.5 கி.மீ. தூரம். கியர் கிடையாது, மோட்டார் கிடையாது, பெடலைப் பின்னால் அழுத்தினால் பிரேக் பிடிக்கும் சாதாரண ஊர்ச் சைக்கிள். தேதியை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். புயல் வரப்போகிறது என்று வானிலை அறிக்கை வந்தால்தான் அறிவிப்பே வரும்!

பேட்டரிக்கு வருவோம். ‘150 கிலோமீட்டர் போகும்’ என்ற விளம்பரத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் ஆள் அல்ல. ஒல்லியானவர், காற்றில்லாத நாள், மிகக் குறைந்த உதவி, வழவழப்பான சாலை. 500 வாட்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். தாராளமாக உதவி கேட்டு ஓட்டும் நெட்டையருக்குக் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி செலவாகும் என்றால் 50 கி.மீ.; எதிர்க்காற்றில் 15 என்றால் 33 கி.மீ.தான்! போகும்போது காற்று முதுகிலும் வரும்போது முகத்திலும் அடித்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அனுபவசாலிகள் புறப்படும்போதே காற்றுக்கு எதிராகப் போவார்கள். சரி, அந்த 500 வாட்-மணியை முழுதாக ஏற்ற எவ்வளவு மின்சாரம்? அரை யூனிட்! வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. சார்ஜரில் கொஞ்சம் வீணாவதைச் சேர்த்தாலும், ஐம்பது கிலோமீட்டர் உலா ஒரு யூனிட்டைத் தொடாது. நெட்டையர் பேட்டரி அளவில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம், 600 வாட்-மணிக்கு மேலேயே எடுக்கலாம். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. பாதி சார்ஜ்தான் அதற்குப் பிடிக்கும்.

‘எல்லோருக்கும் ஒரே அளவு’ என்ற அழகான பொய்யைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் நிறுவனம் எஸ்3 என்ற மின்சாரச் சைக்கிளை ஒரே ஃபிரேமில் செய்து, 170 முதல் 210 செ.மீ. வரை உள்ளவர்களுக்கெல்லாம் பொருந்தும் என்றது. சீட்டைச் சரிசெய்துவிடலாம், ஹேண்டில் தூரத்தை என்ன செய்வது? ஆனால் அவர்கள் மூளைக்காரர்கள். அனுப்பும் சைக்கிள்கள் வழியில் உடைந்துகொண்டே இருந்ததால், பெட்டிமேல் பெரிய டிவி படத்தை அச்சடித்தார்கள். சுமப்பவர்கள் உள்ளே டிவி இருக்கிறது என்று பதமாகத் தூக்க, சேதம் எழுபது, எண்பது சதவீதம் குறைந்துபோனது! அப்படிப்பட்ட கம்பெனி 2023 ஜூலையில் திவாலானது. வண்டியின் பூட்டே கைபேசிச் செயலியில் இருந்தது; சர்வர் நின்றுபோனால் சொந்த வண்டியே திறக்காதோ என்று உரிமையாளர்கள் பதறினார்கள். கைகொடுத்தது யார் தெரியுமா? போட்டிக் கம்பெனி! பெல்ஜியத்தின் கவ்பாய் நிறுவனம் சில நாட்களுக்குள் ஒரு செயலியைச் செய்து, டிஜிட்டல் சாவியைப் பத்திரப்படுத்திக்கொள்ள வழிசெய்தது. பிறகு வேறொரு நிறுவனம் வான்மூஃபை வாங்கி உயிர்ப்பித்தது என்றாலும், பக்கத்துத் தெரு மெக்கானிக்கால் கழற்ற முடியாத வண்டியை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

டச்சு மெக்கானிக் அலட்டிக்கொள்ளாமல் கழற்றும் அதிசயங்கள் வேறு. செயினுக்குப் பதில் கார்பன் இழை பெல்ட் போட்ட சைக்கிளைப் பார்த்தால் பின்பக்க ஃபிரேமை உற்றுக் கவனியுங்கள்: ஒரு கம்பியில் வெட்டு இருக்கும், போல்ட் போட்டு மூடியிருப்பார்கள். ஏன்? செயினைப் பிரித்துக் கோக்கலாம், பெல்ட்டை அப்படிப் பிரிக்க முடியாது. அது உள்ளே போக ஃபிரேமே வாய் திறக்க வேண்டும்! பின்சக்கரத்தில் இருக்கும் வளையப் பூட்டோ இன்னும் கெட்டிக்காரத்தனம்: பூட்டாமல் இருக்கும்வரை சாவியை உருவ முடியாது. பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். ‘பூட்டினோமா?’ என்று பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. சாவி பாக்கெட்டில் இருந்தால் வண்டி பூட்டியிருக்கிறது.

வண்டியை எங்கே நிறுத்துவது? உத்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் இருக்கிறது, 2019இல் முழுமையாகத் திறந்தபோது உலகத்திலேயே பெரியது! ஆனால் அடுக்கு நிறுத்தத்தில் மேல் தட்டுக்கு 27 கிலோவைத் தூக்கி ஏற்றுவது யார்? நெட்டையருக்குக் கை எட்டும், முதுகுதான் ஒத்துக்கொள்ளாது. சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போக ஒரு பொத்தான் உண்டு: அழுத்தினால் வண்டி தானே நடை வேகத்தில், அதிகபட்சம் மணிக்கு 6 கி.மீ.யில் கூடவே வரும். காருக்குப் பின்னால் மாட்டி எடுத்துப்போகிறவர்கள், மாட்டும் சட்டம் இரண்டு மின்சாரச் சைக்கிளைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ மூன்று கிலோ குறையும்.

வழி தெரியாதே என்கிறீர்களா? அங்கே வழி கேட்கவே வேண்டாம்! சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். 23, 47, 51, 8 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டிலில் செருகிக்கொண்டால் போதும், பலகை பலகையாகப் பார்த்துப் போய்விடலாம். இதை யார் கண்டுபிடித்தார் தெரியுமா? பக்கத்து நாடான பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியைச் சேர்ந்த ஹ்யூகோ போலன். சுரங்கப் பொறியாளர்! நிலக்கரிச் சுரங்கத்தின் இருட்டில் ஆட்கள் வழி தவறாமலிருக்கச் சந்திப்புகளுக்கு எண் போடுவார்கள். சுரங்கங்கள் மூடியபின் அந்த யோசனை 1995இல் வெயிலுக்கு வந்து, சைக்கிள் பாதையாகி, எல்லை தாண்டி நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டியை விமானத்தில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சுற்றலாமா? முடியாது! பயணி கையில் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரைதான் தாராள அனுமதி. விமானக் கம்பெனி சம்மதித்தால் 160 வரை. நம் சைக்கிள் பேட்டரியோ 500, 600! கைப்பையிலும் விட மாட்டார்கள், பெட்டியிலும் விட மாட்டார்கள். அதனால் அங்கே போகும் நெட்டையர்கள் வாடகைக்கு எடுப்பதே வழி. முன்பதிவு செய்யும்போது வெறுமனே ‘பெரியது’ என்று எழுதாதீர்கள். உள்கால் 95, ஃபிரேம் 65, எடை நூறு என்று மூன்றையும் எழுதுங்கள். நீளமான சீட் கம்பி ஒன்றையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் போனால் 65 ஃபிரேம் மிச்சம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.